மைலோ அமைதியாக இருந்த வாரம்: செந்தூலில் ஒரு ஜேக் ரசல் டெரியர்

வீட்டார் என்னைக் கூப்பிட்டபோது மைலோவுக்கு வயது இரண்டு. ஜேக் ரசல் டெரியர், ஆண், கருத்தடை ஆனவன், எடை 6.4 கிலோ. உடம்பு வெள்ளை. இடது கண்ணைச் சுற்றியும் வாலடியிலும் பழுப்புத் திட்டு. அந்தப் பழுப்பைப் பார்த்து மைலோ பானத்தின் நிறம் என்றுதான் பேரப்பிள்ளை அவனுக்கு மைலோ என்று பெயர் வைத்தானாம்.

கோலாலம்பூரில் வீடு வீடாகப் போய் நாய்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. பார்த்த நாய்கள் எல்லாவற்றையும் பற்றி எழுதுவதில்லை. மைலோவைப் பற்றி முழுதாக எழுதக் காரணம், இவன் விஷயத்தில் நான் இரண்டு தடவை தவறினேன். இரண்டாவது தவறு அவன் உயிருக்கே ஆபத்தாக முடிந்திருக்கும். டெரியர் வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே கூடிக்கொண்டு வருகின்றன. அவர்கள் வீட்டில் இது நடக்கக் கூடாது. வீட்டாரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அவர்கள் பெயரும் தெருவும் இதில் வராது.

வீடு

செந்தூலில் ஒரு பழைய வரிசை வீடு. ஐயா அங்கிருந்த ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாட்டி, மகள், 14 வயதுப் பேரன், மைலோ. மகளை நான் அக்கா என்றே கூப்பிடுவேன். அவர் காலை ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பினால் திரும்ப மாலை ஆறரை ஆகிவிடும். பகல் முழுக்க நாயோடு இருப்பவர்கள் இரண்டு முதியவர்கள்.

வீட்டின் அமைப்பைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். முன்னால் கார் நிறுத்தும் போர்ச், அதற்கு இரும்புக் கேட். கேட்டுக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி. பின்னால் சமையலறை, அதைத் தாண்டி ஒரு கிரில் கதவு. கதவுக்கு வெளியே பின்சந்து, சந்தின் ஓரமாக இரும்புக் கம்பி மூடிய லோங்காங், அதாவது சாக்கடை. இருட்டியதும் அந்தக் கம்பிகளுக்குக் கீழே எலிகள் ஓடத் தொடங்கும். மழை பெய்த மாலைகளில் தேரைகளும் ஏறி வரும்.

புகார்கள் நான்கு. மாலை ஆறரைக்குத் தொடங்கி இரவு பத்து வரை பின் கிரில் அருகே நின்று குரைக்கிறான். துடைப்பத்தையும் தரை துடைக்கும் துணியையும் பார்த்தால் பாய்ந்து கடிக்கிறான். லோங்காங் பக்கத்து மூலையைப் பறண்டிப் பறண்டி முன்கால் நகம் ஒன்று பிளந்துவிட்டது. கேட்டுக்கு அடியில் நுழைந்து நான்கு தடவை வெளியே ஓடியிருக்கிறான், நான்கு தடவையும் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவான மாக்சிக்கின் போர்ச்சுக்குள்.

பாட்டிக்குக் கடைசிப் புகார்தான் தாங்கவில்லை. மாக்சிக்கும் இவர்களும் இருபது ஆண்டுக்கு மேல் அண்டை வீடு. தீபாவளிக்கு முறுக்கு அந்தப் பக்கம் போகும், நோன்புப் பெருநாளுக்குக் குக்கீஸ் இந்தப் பக்கம் வரும். ஒருநாள் அவர் தொழுகைக்கு அணியும் வெள்ளை உடை கொடியில் காய்ந்துகொண்டிருந்தபோது மைலோ போய் அதைக் கவ்வி இழுத்துவிட்டான். நாயின் ஈரம் பட்டதை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால் என்பது அவர்கள் முறை. மாக்சிக் "தாக் ஆப்பா", பரவாயில்லை, என்று சொல்லிச் சிரித்தாராம். "அவங்க கோபப்பட்டிருந்தாக்கூட மனசு இவ்வளவு வலிச்சிருக்காதும்மா" என்றார் பாட்டி.

எதிர்வீட்டுக்காரர் இரவு வேலை பார்ப்பவர். மாலையில் எழுந்திருக்கும் நேரம் பார்த்து இவன் குரைப்பு தொடங்குகிறது. இன்னொரு மாதம் பார்ப்பேன், அப்புறம் மாநகராட்சியில் புகார் கொடுப்பேன் என்று நேரிலேயே சொல்லிவிட்டார். நாய்க்கு உரிமம் உண்டு, ஐயா ஆண்டுதோறும் தவறாமல் புதுப்பிக்கிறார். ஆனாலும் தொல்லை என்று புகார் வந்தால் உரிமம் மட்டும் காப்பாற்றாது. வரிசை வீடு என்பதால் ஒரு மாத அவகாசமாவது கிடைத்தது. கொண்டோவிலும் அடுக்குமாடியிலும் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: 2015ஆம் ஆண்டு வந்த அடுக்கக மேலாண்மை விதிமுறைகளின்படி, மற்றவர்களுக்குத் தொல்லை தரும் பிராணியை அகற்றச் சொல்லி நிர்வாகம் எழுத்து மூலம் அறிவிப்பு கொடுத்தால், மூன்று நாளுக்குள் அகற்ற வேண்டும். மூன்று நாளில் எந்தப் பயிற்சியும் பலன் தராது.

இவன் எதற்காக உருவானவன்

பாட்டி முதல் நாளே சொன்னார்: "இதுக்குள்ள ஏதோ புகுந்திருக்கும்மா. ஒரு நிமிஷம் உக்காராது."

உள்ளே புகுந்திருப்பது இருநூறு ஆண்டுத் தொழில். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஜான் ரசல் என்ற பாதிரியார் இருந்தார். பிறப்பு 1795, இறப்பு 1883. ஆக்ஸ்ஃபர்டில் மாணவராக இருந்தபோது ஒரு பால்காரரிடமிருந்து டிரம்ப் என்ற பெண் நாயை அவர் வாங்கியதாகவும், இந்த வகையின் வரலாறு அதிலிருந்தே தொடங்குவதாகவும் சொல்வார்கள். அவருக்கு வேண்டியது நரி வேட்டைக்கான நாய். நரி வளைக்குள் ஓடி ஒளிந்ததும் பெரிய வேட்டை நாய்கள் வெளியே நின்றுவிடும். அதன் பின்னாலேயே வளைக்குள் நுழையும் அளவுக்குச் சின்ன நெஞ்சுக்கூடு வேண்டும். உள்ளே போய் நரியைக் கொல்லக் கூடாது, அதன் எதிரில் நின்று விடாமல் குரைக்க வேண்டும். நரி வெளியே ஓடிவர வேண்டும், அல்லது மேலே நிற்கும் ஆட்கள் சத்தத்தை வைத்து இடம் கண்டுபிடித்து மண்ணைத் தோண்ட வேண்டும். புழுதியில் நரி என்று நினைத்து யாரும் நாயை அடித்துவிடாதிருக்க நிறம் வெள்ளையாக இருக்க வேண்டும். டெரியர் என்ற பெயரே நிலம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பின் கிரிலைப் பாருங்கள். தரைக்குக் கீழே இருட்டான குழாய். அதற்குள் உரோமமுள்ள ஏதோ ஒன்று ஓடுகிறது, வாடை மேலே வருகிறது. மைலோ குனிந்து, தோண்டி, விடாமல் குரைத்து, மேலே இருக்கும் மனிதர்களுக்கு இடத்தைக் காட்டிக்கொடுக்கிறான். யாரும் வருவதில்லை. மறுபடியும் குரைக்கிறான். வீட்டார் பிடிவாதம் என்று பார்த்தது அவன் வேலை நேரம்.

இதெல்லாம் எனக்கு அன்றே தெரியும். தெரிந்திருந்தும் பழக்கத்தில் கைக்கு வந்த திட்டத்தைத்தான் கொடுத்தேன்.

முதல் தவறு

சக்தி மிகுந்த நாயா, நடை போதவில்லை, கூட்டுங்கள். இதுதான் எல்லாரும் சொல்வது, நானும் சொன்னேன். அதுவரை மைலோவுக்குக் கிடைத்தது மாலையில் கால் மணி நேரம். அதைக் காலை நாற்பது நிமிடம், மாலை நாற்பது நிமிடம் என்று ஆக்கினேன். மாலை நடைக்குப் பின் பத்து நிமிடம் பந்து எறிய வேண்டும்.

வெயிலை மட்டும் சரியாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன். கோலாலம்பூரில் நண்பகல் வெப்பம் 32, 33 டிகிரியைத் தொடும், காற்றில் ஈரமும் அதிகம். நாய்க்கு மூச்சிரைத்துத்தான் சூடு தணிய வேண்டும். ஈரக் காற்றில் அது சரியாக நடக்காது. டெரியருக்குத் தானாக நிற்கத் தெரியாது, பந்து பறக்கும்வரை ஓடும், விழும்வரை ஓடும். அதனால் காலையில் ஏழு மணிக்கு முன், மாலையில் ஏழுக்குப் பின். கிளம்பும் முன் புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைத்துப் பார்க்க வேண்டும். கை தாங்காவிட்டால் பாதமும் தாங்காது.

ஐயா உற்சாகமாக ஏற்றுக்கொண்டார். "பட்டறையில எட்டு மணி நேரம் நின்னவன்மா நான். நடக்கிறதெல்லாம் ஒரு வேலையா?" மாலை நடைக்கு அவர் தேர்ந்த பாதை, கட்டடம் இடித்துக் காலியாகக் கிடந்த ஒரு மனையின் ஓரம். புல் இருந்தது, நிழல் இருந்தது, மோட்டார் தொல்லை இல்லை. தெருநாய்கள் சில அங்கே படுத்துக் கிடக்கும். பக்கத்தில் போகவேண்டாம் என்று சொன்னேன். அவை எழுந்து போனபிறகு அதே புல்லில் மைலோ மூக்கை வைப்பான் என்பதை யோசிக்கவில்லை.

பேரனுக்கு ஒரு நோட்டுப்புத்தகம் கொடுத்தேன். மாலை ஆறு முதல் பத்து வரை, குரைக்கத் தொடங்கி நிற்கும்வரை ஒன்று என்று கணக்கு. திட்டத்துக்கு முன் ஒரு வாரம் எண்ணியதில் நாளுக்குச் சராசரி 30. முதல் வாரம் 27 ஆனது. இரண்டாம் வாரம் 34, மூன்றாம் வாரம் 41.

மூன்றாம் வாரம் நேரில் போய்ப் பார்த்தேன். பந்து விளையாட்டு முடிந்து வீட்டுக்குள் வந்த நாய் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கவில்லை. கண்மணி விரிந்து, வால் நிமிர்ந்து, நேராகப் பின் கிரிலுக்குப் போனான். அவனை நாங்கள் களைப்பாக்கவில்லை. நன்றாகப் பழக்கி, உடலுறுதியைக் கூட்டி, துரத்தும் வெறியை ஏற்றி, இருட்டும் நேரம் பார்த்துக் கொண்டுவந்து லோங்காங்கின் முன் நிறுத்தியிருந்தோம்.

பந்தை நிறுத்தச் சொன்னேன். நடையை அப்படியே விட்டேன்.

அமைதியான வாரம்

நான்காம் வாரம் கணக்கு 12க்கு இறங்கியது.

அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி அனுப்பினார். மாலை ஏழு மணி, மைலோ சமையலறைப் பாயில் படுத்திருக்கிறான். பாட்டி பக்கத்தில் தரையைத் துடைக்கிறார். அவன் தலையைத் தூக்கிப் பார்க்கிறான், மறுபடியும் கீழே வைத்துக்கொள்கிறான். பின்னணியில் பாட்டியின் குரல்: "இப்பதான் நல்ல புள்ளையா இருக்கு."

நான் பதில் எழுதினேன்: "நல்ல முன்னேற்றம் அக்கா. பந்தை நிறுத்தியது வேலை செய்கிறது. இப்படியே தொடருங்கள்."

அந்தக் காணொளியைப் பின்னர் பல தடவை பார்த்திருக்கிறேன். துணி அவன் மூக்குக்கு அரை அடியில் போகிறது. இரண்டு ஆண்டாக அந்தத் துணியைப் பாய்ந்து கடித்த நாய், நான்கு நாளில் தலையை மட்டும் தூக்கும் நாயாக மாறாது. பயிற்சியால் வரும் மாற்றம் அப்படி வருவதில்லை. முதலில் இரண்டு விநாடி தயங்குவான், மறுநாள் பழையபடி பாய்வான், அப்புறம் ஐந்து விநாடி தயங்குவான். ஏறி இறங்கித்தான் வரும். இந்த வேலையைச் செய்கிறவள் நான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஐந்தாம் வாரம் வெள்ளிக்கிழமை அவித்த கோழியை மோந்துவிட்டு விட்டுவிட்டான். எதிர்வீட்டு மோட்டார் கிளம்பியபோது எழவில்லை. மாலையில் பேரன் வயிற்றைத் தடவிக்கொடுத்தபோது முடி குறைந்த இடத்தில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தான், குங்குமம் தெறித்த மாதிரி. விரலால் அழுத்தினாலும் மறையவில்லை. படம் எடுத்து எனக்கு அனுப்பினான். உடனே கிளினிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு நானும் கிளம்பினேன்.

கிளினிக்கில்

உடல் சூடு 40.3 டிகிரி. நாய்க்கு 38 முதல் 39.2 வரை இருக்கலாம். ஈறு வெளுத்திருந்தது. மண்ணீரல் வீங்கியிருப்பது கைக்குத் தெரிந்தது. முன்கால் விரல்களுக்கு நடுவில் மிளகு அளவு ஓர் உண்ணி. இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் 34,000. குறைந்தது 1,75,000 இருக்க வேண்டும். கிளினிக்கிலேயே செய்த சோதனைப் பட்டையில் எர்லிக்கியா என்று வந்தது, அதாவது உண்ணிக்காய்ச்சல்.

டாக்டர் கேட்டார், "எப்பலேருந்து சோர்வா இருக்கு?"

அக்கா சொன்னார், "ஒரு வாரமா டாக்டர். பயிற்சி வேலை செய்யுதுன்னு நினைச்சிட்டோம்."

அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. எனக்குப் பக்கத்தில் நின்று சொன்னார்.

எர்லிக்கியா கேனிஸ் என்பது இரத்த வெள்ளணுக்களுக்குள் குடியேறும் ஒரு பாக்டீரியா. பழுப்பு நாய் உண்ணி கடிக்கும்போது உள்ளே போகும். கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்தில் காய்ச்சல், சோர்வு, பசியின்மை தலைகாட்டும். தட்டணுக்கள் சரியும். அதனால்தான் தோலுக்கடியில் இரத்தம் புள்ளி புள்ளியாகக் கசிகிறது. பலருக்குத் தெரியாத பயங்கரம் அதற்கு அடுத்த கட்டம். சிகிச்சை இல்லாமல் விட்டாலும் சில நாய்கள் தாமாகத் தேறியதுபோல் தெரியும். கிருமி உள்ளேயே தங்கி, மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் கழித்து எலும்பு மஜ்ஜையைத் தாக்கித் திரும்பி வரும். அந்தக் கட்டத்தில் காப்பாற்றுவது கடினம். 1960களின் கடைசியில் வியட்நாம் போரில் அமெரிக்க இராணுவ நாய்கள் நூற்றுக்கணக்கில் செத்தது இந்த நோயில்தான்.

நாட்களைப் பின்னோக்கி எண்ணினால் எல்லாம் பொருந்துகிறது. காலி மனையின் ஓரமாக நடை தொடங்கியது முதல் வாரம், சோர்வு வந்தது நான்காம் வாரம். தெருநாய்கள் படுக்கும் புல்லுக்கு அவனைத் தினமும் கூட்டிப் போனது என் திட்டம். வீட்டிலேயே ஏற்கனவே உண்ணி இருந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார், அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் முதல் சந்திப்பில் உண்ணிக்கு என்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால், மாதம் ஒரு தடவை ஷாம்பூ மட்டும்தான் என்பது தெரிந்திருக்கும். இந்த ஊரில் அது போதாது.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் என் முதல் கேள்வி அதுதான்.

மருந்தும் உண்ணியும்

டாக்டர் கொடுத்தது டாக்சிசைக்ளின், 28 நாள். மூன்றாம் நாளே மைலோ சாப்பிடத் தொடங்கிவிட்டான். இங்கேதான் பல வீடுகளில் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். கூடாது, நாய் குதித்தாலும் 28 நாளும் போக வேண்டும். இந்த மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கும். அதனால் வெறும் வாயில் போட்டு விழுங்க வைக்காமல், சோற்றுக்குள் வைத்துக் கொடுத்து, பின்னால் தண்ணீரும் குடிக்க வைக்க வேண்டும். பாட்டி கோழிச்சாறு பிசைந்த சோற்று உருண்டைக்குள் வைத்துக் கொடுத்தார். முதல் உருண்டை வெறும் சோறு, இரண்டாவதில் மாத்திரை, மூன்றாவது மறுபடியும் வெறும் சோறு. ஒரு நாள்கூடத் தவறவில்லை.

சிகிச்சை முடிந்து சோதித்தால் பட்டை மறுபடியும் நோய் என்றே காட்டும். பயந்துவிட வேண்டாம். அது காட்டுவது கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளை, அது மாதக்கணக்கில் இரத்தத்தில் தங்கும். பார்க்க வேண்டியது தட்டணுக்களின் எண்ணிக்கையை. இன்னொன்று, ஒரு தடவை வந்துவிட்டதால் இனி வராது என்பதில்லை. மறுபடியும் கடித்தால் மறுபடியும் வரும்.

அதனால் உண்ணியை ஒழித்தாக வேண்டும். பழுப்பு நாய் உண்ணி மற்ற உண்ணிகளைப் போலப் புல்லோடு நிற்காது. வீட்டுக்குள் வந்து வாழும். வயிறு முட்ட இரத்தம் குடித்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவரேறி, வெடிப்பில் நுழைந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். குஞ்சு நாயைத் தேடி வரும், குடிக்கும், இறங்கும், தோலுரிக்கும், மறுபடியும் ஏறும். வாழ்நாளின் பெரும்பகுதி நாயின் மேல் இல்லை, நம் சுவரில். குளிர்காலம் இல்லாத ஊர் என்பதால் ஆண்டு முழுக்க இதே கதை.

ஐயா இதைப் பட்டறை வேலை மாதிரி எடுத்துக்கொண்டார். இரவில் டார்ச் விளக்கோடு சுவரைப் பார்த்துக்கொண்டே போனார். பின்கட்டில் பழைய பலகைகளை அடுக்கியிருந்த இடத்துக்குப் பின்னால், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், சிமெண்ட் வெடிப்புக்குள் கூட்டமாக இருந்தன. பலகைகளை வெளியேற்றி, வெடிப்பைப் பூசி, பூச்சி மருந்து அடிக்கும் ஆளை வைத்து மூன்று வார இடைவெளியில் இரண்டு தடவை அடித்தார்கள். ஒரு தடவை போதாது, முட்டைகள் பிழைத்துவிடும். பாட்டி தெருப்பூனைகளுக்குச் சோறு வைப்பவர். நாய்களுக்கான சில பூச்சி மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொல்லும். எந்த மருந்து என்று கேட்டு, காயும்வரை பூனைகளை அண்டவிடாமல் பார்த்துக்கொண்டார்.

மைலோவுக்கு டாக்டர் உண்ணிக்கு மெல்லும் மாத்திரை எழுதிக் கொடுத்தார், ஒரு மாத்திரை மூன்று மாதத்துக்கு வரும். வலிப்பு வந்த நாய் என்றால் இந்த வகை மாத்திரைக்கு முன் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். விலையைக் கேட்டு ஐயா கொஞ்சம் தயங்கினார். காய்ச்சலுக்குக் கட்டிய பில்லை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் தயங்கவில்லை. பாட்டி முன்பு உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவுவாராம், அதை நிறுத்தினோம். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும், சோப்புத் தண்ணீரில் போட வேண்டும், நகத்தால் நசுக்கக் கூடாது.

படுக்கையிலிருந்து தொடங்கிய பயிற்சி

தட்டணுக்கள் ஏறும்வரை ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது என்பது டாக்டர் கட்டளை. சின்ன அடி பட்டாலும் உள்ளே இரத்தம் கசியும். நடை என்றால் வாசல்வரை போய் வருவது மட்டும்.

ஆறாம் நாள் மைலோவுக்கு உடம்பு தேறிவிட்டது, நடை இல்லை. டெரியர் வளர்ப்பவர்களுக்கு அந்த வீடு எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். அக்கா அழாத குறையாக அழைத்தார். கையில் வேறு எதுவும் இல்லாததால்தான் மூக்கு வேலையைத் தொடங்கினோம்.

மளிகைக்கடையிலிருந்து நான்கு அட்டைப்பெட்டிகள். நெத்திலியை நீரில் ஊறவைத்து உப்பை வடித்து அவித்துக்கொண்டோம். பேரன் ஒரு பெட்டிக்குள் இரண்டு நெத்திலியை வைத்து "தேடு" என்பான். முதல் நாள் ஐந்து நிமிடம். மைலோ நான்கு பெட்டியையும் மோந்து, சரியானதுக்குள் தலையை விட்டு, எடுத்துத் தின்றான். ஆறு தடவை செய்தோம். அப்புறம் போய்ப் படுத்துக்கொண்டான், வாலும் கண்ணும் தளர்ந்து. நோயின் சோர்வு எப்படி இருக்கும் என்று அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இது வேறு. நெத்திலி டப்பா திறக்கும் சத்தம் கேட்டு ஒரே பாய்ச்சலில் எழுந்தான்.

அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டினோம். தேங்காய் மட்டைக்குள் சோற்றையும் கோழியையும் அடைத்துக் கொடுப்பது, பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும், நாரை விழுங்கிவிடக் கூடாது என்பதால். ஐயாவின் கைக்குட்டையை வீட்டில் எங்கோ மறைத்துத் தேடச் சொல்வது. தட்டணுக்கள் சரியானபின் போர்ச் நிழலில் ஒரு மணல்தொட்டி, பழைய பலகைகளில் நல்லவற்றை அறுத்து ஐயாவும் பேரனும் செய்தது. மூன்றடிக்கு இரண்டடி, ஓர் அடி ஆழம். அதற்குள் புதைத்துவிட்டால் தோண்டித் தோண்டி எடுப்பான். இரவில் மூடி வைக்க வேண்டும், திறந்து கிடந்தால் பூனைகள் வந்து அசுத்தம் செய்யும், புழுத்தொற்று வரும்.

துரத்தும் ஆசைக்கு, மூங்கில் கழியின் நுனியில் கயிறு, கயிற்றின் முனையில் துணி. உட்கார்ந்தால் துணி ஓடும், "விடு" என்றால் விட வேண்டும், விட்டால் மறுபடியும் ஓடும். நாளுக்கு ஐந்து நிமிடம், அதற்கு மேல் இல்லை, வழுக்காத தரையில் மட்டும். இந்த வகை நாய்களுக்கு முழங்கால் சில்லு நழுவும் கோளாறு உண்டு. ஓடும்போது பின்கால் ஒன்றைத் தூக்கி இரண்டு எட்டு நொண்டிவிட்டு மறுபடியும் ஓடினால் அதைக் குறும்பு என்று விடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பின் கிரிலின் கீழ்ப்பாதியைத் தகரத்தால் மறைத்தோம். எலியை அவன் நிஜமாகப் பிடிக்கும்படி விடவே முடியாது. அக்கம்பக்கத்தில் எலிவிஷம் வைப்பார்கள், எலியின் சிறுநீரில் லெப்டோஸ்பைரா கிருமி உண்டு. அதற்கான தடுப்பூசியை ஆண்டுதோறும் போட வேண்டும். தேரையைக் கவ்வினால் வாயில் நுரை தள்ளும். தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாமல் வாயின் பக்கவாட்டில் விட்டுக் கழுவி, ஈரத்துணியால் ஈறைத் துடைத்துவிட்டு உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

ஆனால் கிரிலை முழுதாகப் பறிக்கவும் எனக்கு மனம் வரவில்லை. ஆறரை மணிக்கு ஐயா மைலோவைக் கயிற்றில் பிடித்துப் பின்னால் கூட்டிப்போவார், தகரத்தை நகர்த்துவார். மைலோ குனிந்து மோந்து மூன்று நான்கு தடவை குரைப்பான். ஐயா குனிந்து கம்பிக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பார், நிஜமாகவே பார்ப்பார். "சரிப்பா, பாத்தாச்சு. வா" என்பார். திரும்பி வந்தால் நெத்திலி. முதல் பத்து நாள் இழுத்துக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது. அப்புறம் "பாத்தாச்சு" என்றதும் ஐயாவின் முகத்தைப் பார்ப்பான், இன்னொரு தடவை குரைப்பான், வந்துவிடுவான். இருநூறு ஆண்டாக அவன் வகை குரைத்தது மேலே இருக்கும் மனிதன் வந்து பார்க்க வேண்டும் என்றுதான். இங்கே ஒரு மனிதர் வந்து பார்க்கிறார்.

கேட்டுக்கு அடியில் கம்பிவலை அடித்து, அதற்கு உள்பக்கம் இடுப்புயர மரக்கேட் ஒன்றும் வைத்தார்கள். ஒன்றை மூடியபின்தான் இன்னொன்றைத் திறப்பது என்று வழக்கமானது. நடை இப்போது காலையிலும் மாலையிலும் இருபது இருபது நிமிடம், காலி மனை பக்கம் போவதில்லை, அவன் மோக்கும் இடங்களில் அவசரப்படுத்தாமல் நிற்பது.

எதை நம்புவது

சிகிச்சை முடிந்த வாரத்தில் கணக்கு 11. ஏற்கனவே ஒரு தடவை 12ஐப் பார்த்து ஏமாந்தவள் என்பதால் இந்த எண்ணை நான் உடனே ஏற்கவில்லை. நோய் இன்னும் மிச்சம் இருக்கிறதோ?

வேறு நான்கு விஷயங்களைக் கேட்டேன். தட்டணுக்கள் 2,60,000 ஆகிவிட்டன. எடை 5.8க்கு இறங்கியது மீண்டும் 6.4. சாப்பாட்டுத் தட்டு ஒரு நிமிடத்தில் காலி. துணியை இன்னும் துரத்துகிறான். அதோடு நோட்டுப்புத்தகத்தில் எண்கள் ஏறி இறங்கியிருந்தன: 16, 9, 14, 8, 13. நோய் வாரத்தில் எண்கள் ஒரே சரிவாக இறங்கியிருந்தன. கற்றுக்கொள்ளும் நாயின் கணக்கு இப்படித்தான் தள்ளாடும். நடை பாதியாகக் குறைந்தும் குரைப்பு ஏறவில்லை என்பதையும் பார்த்தேன். ஆக, அவனுக்குக் குறைந்திருந்தது ஓட்டம் இல்லை.

எது எவ்வளவு உதவியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. தகரம், மணல், நெத்திலி, ஐயாவின் டார்ச் எல்லாம் ஒரே மாதத்தில் வந்தவை. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால் நான் மூக்கு வேலையை எடுப்பேன்.

மூன்று மாதம் கழித்துக் கணக்கு 8. ஐயாவோடு போய்க் குரைப்பதும் அதில் சேர்த்தி. எதிர்வீட்டுக்காரர் புகார் கொடுக்கவில்லை. துடைப்பத்தை இன்னும் முறைக்கிறான், வாரத்தில் ஒரு நாள் கடிக்கிறான். மாக்சிக்கின் போர்ச்சுக்கு அப்புறம் ஒரு தடவைகூடப் போகவில்லை. கேட்டுக்கு வலை அடித்த அன்றே பாட்டி பழம் வாங்கிக்கொண்டு போய் அவரிடம் சொல்லிவிட்டு வந்தார்.

கடைசியாகப் போனபோது நோட்டுப்புத்தகத்தில் பேரன் இரண்டு பத்திகளைத் தானே சேர்த்திருந்தான்: சாப்பாடு, ஈறு நிறம். ஞாயிற்றுக்கிழமை மாலை என்பதால் மைலோவை மல்லாக்கப் படுக்க வைத்து, விரல் இடுக்கு, காது மடல், அக்குள், கழுத்துப்பட்டைக்கு அடி, வயிறு என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். மைலோ ஒரு கணம்கூடச் சும்மா கிடக்கவில்லை. நான்கு காலும் நான்கு பக்கம் போனது. "ஆடாம இருடா" என்று பேரன் அதட்டினான்.

சமையலறையிலிருந்து பாட்டி எட்டிப் பார்த்தார். "ஆடட்டும் விடுப்பா" என்றார். "ஆடட்டும்."